எந்த மகளை வேனில் ஏற்றுவது

இந்தக் கரையில் ஒரு பெண் பிள்ளைத்தாச்சி என்று தெரிந்துவிட்டால் போதும், அவளுடைய காலைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எல்லோருக்கும் உரிமை வந்துவிடும். மீன் விற்க வருகிறவர் சைக்கிளை நிறுத்திக் காலைப் பார்த்துவிட்டுத்தான் மீனை நிறுப்பார். உப்பைக் குறைக்கச் சொல்லும் ஒரு வீடு, தண்ணீரைக் குறைக்கச் சொல்லும் அடுத்த வீடு. உப்பளத்துக் காற்றுப் பட்டாலே கால் வீங்கும் என்று களப்புப் பக்கத்து யன்னலைப் பலகை அடித்து மூடியிருந்த ஒரு வீட்டுக்கு நானே போயிருக்கிறேன். உள்ளே இருந்த புழுக்கத்தில் கர்ப்பிணி நன்றாகத்தான் இருந்தாள், எனக்குத்தான் மயக்கம் வரப் பார்த்தது.

குடும்பநல உத்தியோகத்தராக நியமனம் பெற்று இந்தப் பக்கம் வந்திருக்கும் தங்கச்சிமாரே, கால் வீக்கத்தைப் பற்றிப் பயிற்சியில் உங்களுக்கு நன்றாகவே சொல்லித் தந்திருப்பார்கள். அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு வீட்டில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கதைக்கிறபோது நீங்கள் யாரைப் பார்க்க வேண்டும் என்பதை எந்த வகுப்பிலும் சொல்லித் தர முடியாது. அதற்காக ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால், கற்பிட்டிப் பக்கத்தில் களப்பை ஒட்டிய ஒரு கிராமம் என் பொறுப்பில் இருந்தது. அங்கே சுபைதா உம்மா என்று ஒருவர். கணவர் மௌத்தாகிவிட்டார். இரண்டு மகள்மார், இரண்டு பேரும் ஒரே காலத்தில் பிள்ளைத்தாச்சி. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார் என்பது அந்த ஊர் வழக்கம். மூத்த மருமகன் நிஸ்தார் அப்படி வந்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே கொட்டில் போட்டு, வள்ளங்களின் எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தார். இளைய மருமகன் கட்டாரில் வேலை.

மூத்த மகள் ஜெஸீமா. அவளுக்கு அது இரண்டாவது பிள்ளை. அவள் வாசலில் நின்று கதைத்தால் களப்பில் தோணி வலிக்கிறவர் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்ப்பார். இளையவள் ருஸைனா. முதல் பிள்ளை. அவளிடம் எதைக் கேட்டாலும் "ஒண்டுமில்ல மிஸ்" என்பதுதான் பதில். ஒருநாள் அவர்கள் வீட்டில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாப்பாடு எப்படி, நித்திரை எப்படி என்று அவளிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னாள். நான் எழும்பிய பிறகுதான் தெரிந்தது, கதிரையின் ஒரு கால் அவ்வளவு நேரமும் அவளுடைய பெருவிரலின் மேல் இருந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒண்டுமில்ல மிஸ் என்றாள்.

ஜெஸீமாவின் கால் ஆறாம் மாதமளவில் வீங்கத் தொடங்கியது. பின்னேரம் வீங்கும், காலையில் வற்றிவிடும். அவள் அதைப் போனில் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டாள். அளவு தெரிய வேண்டும் என்று பக்கத்தில் ஒரு மாம்பழத்தையும் வைத்திருந்தாள். கொழும்பிலிருந்து சாச்சி பார்லித் தண்ணீர் என்றார். கட்டாரிலிருந்து மச்சான் ஐஸ் ஒத்தடம் என்றார். வேறு யாரோ கொத்தமல்லி என்றார்கள். அவள் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து முடித்துவிட்டு, இப்போது எது வேலை செய்தது என்றே தெரியவில்லையே என்று என்னிடம் முறையிட்டாள்.

சுபைதா உம்மாவின் யோசனை வேறு. அவருக்குப் பிரஷர் வருத்தம் இருந்தது. அதற்குக் கொடுத்த நீர் போகும் குளிசை அலுமாரிக்குள் இருந்தது. அதில் பாதியை உடைத்து மகளுக்குக் கொடுத்தால் கால் வற்றிவிடாதா என்று கேட்டார். கேட்டாரே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. பல வீடுகளில் கேட்க மாட்டார்கள், கொடுத்துவிட்டுத்தான் சொல்வார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது டொக்டர் சொல்லாமல் அந்தக் குளிசையைத் தொடவே கூடாது என்று சொல்லி, அலுமாரியைப் பூட்டவைத்துவிட்டுத்தான் நான் அந்த வீட்டைவிட்டு வெளியே வந்தேன்.

ஜெஸீமாவின் வீக்கத்தில் பயப்பட எதுவும் இருக்கவில்லை. இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கியிருந்தன, ஒரு காலில் மட்டும் நோவோ சூடோ இல்லை, பிரஷர் சரி, சிறுநீரும் சரி. கனநேரம் நிற்க வேண்டாம், காலைத் தொங்கவிட்டு இருக்க வேண்டாம், இருக்கும்போது காலை உயர்த்தி வையுங்கள், படுக்கும்போது இடது பக்கம் சரிந்து படுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள் என்றேன். உப்பை அடியோடு நிறுத்தத் தேவையில்லை, ஆனால் கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள் என்றும் சொன்னேன். எல்லாம் சாதாரண விஷயம். ஆனால் பக்கத்தில் நிஸ்தார் நின்றுகொண்டிருந்தார்.

நிஸ்தார் நல்ல மனிதர். மனைவிக்காக எதையும் செய்வார், அதுதான் சிக்கல். எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று கேட்டார். ஒரு தலகாணி உயரம் போதும் என்றேன். எந்தத் தலகாணி என்று கேட்டார். அளவு சொல்லாத அறிவுரையை அவர் அறிவுரையாகவே எடுப்பதில்லை.

அடுத்த முறை நான் போனபோது கட்டிலின் கால்பக்கம் எஞ்சின் தாங்கும் மரக்கட்டைகளின் மேல் ஏறியிருந்தது. இரவில் ஜெஸீமா தலைப்பக்கமாகச் சறுக்கிச் சறுக்கி, விடியும்போது தலை சுவரில் முட்டிக்கொண்டு கிடந்தாளாம். கட்டையை எடுக்கச் சொன்னேன். அதற்கடுத்த முறை கூரை வளையிலிருந்து நைலோன் வலை ஒன்று தொட்டில் மாதிரித் தொங்கியது. அதற்குள் அவளுடைய இரண்டு காலும் அப்போதுதான் பிடிபட்ட பெரிய மீன்கள் போலக் கிடந்தன. அவள் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம் சரிந்து படுக்க வசதியாக டீவியையும் இடம் மாற்றி வைத்திருந்தார். டீவி விஷயம் உண்மையிலேயே நல்ல யோசனை, நான் பாராட்டினேன். அந்தப் பாராட்டு கொஞ்சம் கூடிப்போய்விட்டது. கிளினிக்குக்கு வரும் எல்லாத் தாய்மாருக்கும் இந்த மாதிரி வலை கட்டித் தரட்டுமா என்று கேட்டார். அதற்குச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுமதி எடுக்க வேண்டும் என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். உடனே அவருடைய போன் இலக்கத்தைக் கேட்டார்.

இவ்வளவும் நடக்கும்போது ருஸைனாவும் அதே வீட்டில்தான் இருந்தாள். வலை கட்ட ஏணியைப் பிடித்தவள் அவள்தான். எனக்குப் பிளேன்டீ கொண்டுவந்து தருவதும் அவள்தான். அவளையும் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசிக் கிளினிக்கிலும் அவளுடைய பிரஷர் நன்றாகவே இருந்தது. கால் கலியாணத்துக்கு முன்பு இருந்த மாதிரியே மெல்லியதாக இருந்தது. இவளைப் பார், ஒரு வீக்கம் இருக்கிறதா என்று சுபைதா உம்மா மூத்தவளுக்கு அவளை உதாரணம் காட்டுவார். தான் என்னவோ வேண்டுமென்றே வீங்குகிற மாதிரி எல்லோரும் கதைக்கிறார்கள் என்று ஜெஸீமா கோபப்படுவாள்.

ஒருநாள் முற்பகல் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டில் இருந்தபோது நிஸ்தாரின் அழைப்பு வந்தது. ஜெஸீமாவின் கால் ஒருநாளும் இல்லாத மாதிரி வீங்கிவிட்டது, செருப்பே போட முடியவில்லை, வேன் பிடித்துவிட்டோம், புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றார். நான் வந்து பார்க்கும்வரை நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாதி ஊர் அந்த வாசலில் நின்றது. வேன் அயல்வீட்டு ரிஸ்வானுடையது. வெங்காயமும் மிளகாயும் சந்தைக்கு ஏற்றுவதற்காகப் பின் ஆசனங்களைக் கழற்றியிருந்தான். அந்த இடத்தில் மெத்தை விரித்து ஜெஸீமாவைப் படுக்கவைத்திருந்தார்கள். நிஸ்தார் வலைத் தொட்டிலையும் கழற்றிக்கொண்டு வந்து வேனின் கூரைக் கம்பியில் கட்டியிருந்தார். அவளுடைய கால்கள் அதற்குள் தொங்கின. அவளைச் சுற்றி நாலு தலகாணி, ஒரு பாய், ஒரு வாளி, துணி மூட்டை, கூட வருவதற்காக ஏறி உட்கார்ந்திருந்த அயல் பெண்கள் இரண்டு பேர். உள்ளே போக எனக்கு இடமில்லை. ஒரு பெண்ணை இறக்கிவிட்டுத்தான் ஏறினேன்.

முதலில் காலைப் பார்த்தேன். உண்மைதான், நன்றாகவே வீங்கியிருந்தது. ஆனால் இரண்டும் ஒரே அளவு. நோவு இல்லை, சிவக்கவில்லை. தலையிடி இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை. கண் மங்குகிறதா, இல்லை. பிரஷர் எடுத்தேன், எனக்கு இருந்ததைவிட நன்றாக இருந்தது. நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சிலாபத்தில் ஒரு சொந்தக்காரக் கலியாணம். போகவும் வரவும் பஸ்ஸில், காலைத் தொங்கவிட்டபடி. கலியாண வீட்டில் பகல் முழுக்க நின்று கதை. எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் அவள் பக்கத்தில் இருந்தவர்கள் ஊறுகாயைத் தொடவில்லையாம், வீணாகப் போகக்கூடாது என்று எல்லாவற்றையும் அவளே சாப்பிட்டிருக்கிறாள். புது ஊசிச் செருப்பு வேறு. அந்தக் கால் வீங்காமல் இருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

எனக்கு மனம் லேசாகிவிட்டது. இறங்கி வீட்டுக்குள்ளே போய்ப் படுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது ருஸைனா சுடுதண்ணிப் போத்தலோடு வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். அக்காவின் பயணத்துக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். வேனின் வாசலில் வைக்கப் போனாள். வைத்த இடத்தில் வேன் இல்லை. ஒரு சாண் தள்ளி வெறும் காற்றில் வைத்தாள். போத்தல் விழுந்து உடைந்தது.

கண்ணைத் திறந்துகொண்டு வைக்கக்கூடாதா என்று சுபைதா உம்மா ஏசினார். ருஸைனா குனிந்து துண்டுகளைப் பொறுக்கப் போனாள். நான் வேனிலிருந்து இறங்கி அவளுடைய முகத்தைப் பார்த்தேன். மெலிந்த முகம் அவளுக்கு. அன்று இமைகள் தடித்துக் கன்னம் பொதுபொதுவென்று இருந்தது. நேற்றிலிருந்து மாப்பிள்ளை போன் எடுக்கவில்லை, அழுதிருப்பாள் என்றார் சுபைதா உம்மா. தலையிடிக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் என்றாள். எப்போதிருந்து என்று கேட்டதற்கு, நேற்றுக் காலையிலிருந்து என்றாள். அதனால்தான் அவள் கலியாணத்துக்குப் போகவில்லை. புதுச் சாரி வாங்கித் தரவில்லை என்று முறுக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே விலாவோடு அழுத்திக்கொண்டே இருந்தது. அது காஸ், காலையில் இஞ்சி கொடுத்தேன் என்றார் உம்மா. கண்ணுக்கு என்ன என்று கேட்டேன். வெயிலுக்குக் கூசுகிறது, மினுமினு என்று இருக்கிறது என்றாள். வேனில் வெங்காய வாசம், எல்லோருக்கும்தான் கண் கூசுகிறது என்று கூட்டத்திலிருந்து ஒருவர் சொன்னார்.

பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு காரணம் தயாராக இருந்தது. தனித்தனியாக எடுத்தால் எந்தக் காரணமும் பொய்யில்லை. மாப்பிள்ளை உண்மையிலேயே போன் எடுக்கவில்லை, வேன் உண்மையிலேயே வெங்காயம் மணத்தது. எல்லாவற்றையும் ஒரே உடம்பில் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஆள் நாங்கள்தான்.

அவளைக் கதிரையில் இருத்தி, கொஞ்சம் மூச்சு வாங்கவிட்டு, பிரஷர் எடுத்தேன். மேல் எண் நூற்று எழுபதைத் தொட்டது. மறு கையில் எடுத்தேன். அதே. கீழ் எண்ணும் அதற்கேற்ற மாதிரியே ஏறியிருந்தது. கால் மட்டும் மெல்லியதாக, அவளுடைய பழைய செருப்புக்குள் அழகாக இருந்தது.

நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. மூத்தவளுக்குக் கட்டி மெஷின் களைத்துப்போயிருக்கும் என்றார் சுபைதா உம்மா. அந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தவர் நிஸ்தார். அவர் முன்னால் வந்து சட்டைக் கையை மடித்தார்.

"அத எனக்கு ஒருக்காக் கட்டிப் பாருங்க மிஸ்" என்றார்.

கட்டினேன். அவருடைய பிரஷர் ஒழுங்காக இருந்தது. போன மாதம் தான் வேறோர் இடத்தில் பார்த்தபோதும் இதே அளவுதான் என்றார். கொஞ்ச நேரம் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மாமியாரின் பக்கம் திரும்பினார்.

"மாமி, கேஜ் சரி. கோளாறு எஞ்சின்லதான்."

எனக்குத் தெரிந்து அதைவிடச் சுருக்கமாக யாரும் அதைச் சொன்னதில்லை.

எங்கள் பகுதி டொக்டருக்குப் போன் எடுத்தேன். உடனே அனுப்புங்கள் என்றார். ஆம்புலன்ஸ் வேறோர் இடத்துக்குப் போயிருந்தது, திரும்பி வர நேரமெடுக்கும் என்றார்கள். காத்திருக்க வேண்டாம், கையில் இருக்கிற வாகனத்தில் இடது பக்கமாகப் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள், வார்டுக்கு நான் சொல்லிவைக்கிறேன் என்றார் டொக்டர். கையில் இருந்த வாகனத்தில்தான் ஜெஸீமா படுத்திருந்தாளே.

இரண்டு பேரையும் ஏற்றினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அங்கேயும் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். மெத்தையில் ஒருத்திதான் சரிந்து படுக்கலாம். மற்றவள் மூலையில் குந்த வேண்டும். ஜெஸீமா ஏறினால் வேனில் இருக்கும் எல்லாக் கையும் எல்லாக் கண்ணும் அவளுடைய காலுக்குத்தான் போகும் என்பதும் எனக்குத் தெரியும். சத்தம் இல்லாதவள் மூலையில் இருந்து, போகிற வழியில் வலிப்பு வந்து விழுந்தாலும், நித்திரை என்றுதான் நினைப்பார்கள்.

"கால் வீங்கினவள இறக்கிட்டு வீங்காதவள ஏத்தச் சொல்றீங்க. நாளைக்கு ஊர்ச்சனம் என்ன கதைக்கும் மிஸ்?" என்று சுபைதா உம்மா கேட்டார். அவருடைய குரலில் கோபத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது. ஒரு மகளுக்காகப் பயந்து முடித்துக் களைத்த தாய்க்கு, இன்னொரு மகளுக்காகப் புதிதாகப் பயப்படத் தொடங்குவது லேசான காரியமில்லை.

எல்லாவற்றையும்விட ருஸைனாவே எனக்கு எதிராக நின்றாள். ராத்தா போகட்டும், எனக்கு ஒண்டுமில்ல என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் போத்தல் துண்டுகளைப் பொறுக்கப் போனாள்.

கூட்டத்தோடு வாதாடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும் என்று தோன்றியது. நான் வேனுக்குள் ஏறி, ஜெஸீமாவின் காதுப் பக்கமாகக் குனிந்தேன்.

"உங்கட கால் நாளைக்கு வத்திரும் தங்கச்சி. ருஸைனாவ இப்ப கொண்டுபோகாட்டி அவவுக்கு வலிப்பு வரலாம். வந்தா ரெண்டு உயிர்."

அவளை அறிந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஜெஸீமாவின் குரல் இறங்கியது. "எங்கட ருஸைனாவுக்கா?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

அடுத்த நொடி அவள் எழும்பப் பார்த்தாள். எழும்ப முடியவில்லை, கால் கொலுசு வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இன்னும் சிக்கியது. எத்தனையோ நாள் யோசித்து முடிச்சுப் போட்டுக் கட்டிய அந்த வலையை நிஸ்தார் ஒரு கத்தியை எடுத்து, யோசிக்காமல், குறுக்கே அறுத்தார். ஜெஸீமா நிஸ்தாரின் செருப்பை மாட்டிக்கொண்டு நிலத்தில் இறங்கி நின்றாள். அதன் பிறகு அந்த வாசலில் வேறு யாருடைய பேச்சும் எடுபடவில்லை. குறுக்கே நின்ற மோட்டார் சைக்கிளை எடுக்க வைத்தாள், வாளியையும் மூட்டையையும் வெளியே எறிய வைத்தாள், உள்ளே மிச்சமிருந்த அயல் பெண்ணை இறக்கினாள், வழியில் நின்ற ஆட்டைக் கட்ட வைத்தாள். தங்கையின் கையில் இருந்த கண்ணாடித் துண்டைப் பறித்து எறிந்துவிட்டு அவளை மெத்தையில் ஏற்றினாள். ருஸைனா ஒண்டுமில்ல ராத்தா என்று தொடங்கினாள். இன்னொரு தடவை அந்தச் சொல்லைச் சொன்னால் களப்பில் தள்ளிவிடுவேன் என்றாள் ஜெஸீமா. அந்தக் குரலை இத்தனை மாதமும் நான் ஒரு தொல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

சுபைதா உம்மா முன்னால் ஏறினார், நான் பின்னால். வெளிச்சம் கண்ணில் படாமல் என் சாரித் தலைப்பால் யன்னலை மறைத்தேன். ருஸைனாவுக்கு அமைதி வேண்டும், ஹோர்ன் அடிக்க வேண்டாம் என்று ரிஸ்வானிடம் சொன்னேன். ஓம் என்றான், பழக்கத்தில் உடனே அடித்தான். ஹோர்ன் இல்லாமல் வேன் ஓட்டுவது அவனுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிடுகிற மாதிரி. கை தானாகப் போகும், நான் பார்ப்பேன், கையை எடுத்துத் தலையைச் சொறிவான்.

பாலாவிப் பக்கம் நெருங்கும்போது வீதியின் நடுவே கழுதைகள் நின்றன. இந்தப் பக்கத்துக் கழுதைகளை உங்களுக்குத் தெரியும், அவற்றுக்கு வீதி என்பது நிற்பதற்கான இடம். ஹோர்ன் அடிக்கக்கூடாது. ரிஸ்வான் தலையை வெளியே நீட்டி, கழுதைக்குக் கேட்காத, நோயாளிக்கும் கேட்காத ஒரு குரலில் போ போ என்றான். அவை அவனைப் பார்த்தன. கடைசியில் சுபைதா உம்மா கதவைத் திறந்து இறங்கி, முந்தானையை இழுத்துச் சொருகி, குடையை மடக்கி எடுத்துக்கொண்டு போனார். அப்படி ஒரு வேகத்தை நான் அவரிடம் கண்டதில்லை. ஒரு கழுதையின் முதுகில் குடையால் ஒரு போடு போட்டார். குடை வளைந்தது, கழுதைகள் ஓடின. திரும்பி வந்து ஏறியபோது அவருடைய கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. அப்போதுதான் அவர் அழத் தொடங்கியிருந்தார். நான் அதைக் கண்ட மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குச் சற்று முன்னால், காற்றாடிக் கோபுரங்கள் தெரியும் இடத்தில், ருஸைனா என் கையைத் தொட்டாள்.

"மிஸ், காத்தாடி எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது."

அவள் தானாகச் சொன்ன முதல் வருத்தம் அதுதான். சொன்னாளே என்ற சந்தோஷமும், சொன்னது என்ன என்ற நடுக்கமும் ஒன்றாக வந்தன. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், இதோ வந்துவிட்டோம் என்றேன். வரவில்லை, இன்னும் தூரம் இருந்தது. அவளுடைய நாடியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பேர் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டுக் கதையை இழுத்தேன். நினைவு மங்குகிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வி. மாப்பிள்ளை ஒரு பேர் சொன்னார், எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லவில்லை என்றாள். பிடிக்காததை இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியோடு ஆள் நின்றது. டொக்டர் சொன்னபடியே சொல்லி வைத்திருந்தார். வலிப்பு வராமல் தடுக்கும் மருந்தையும் பிரஷரைக் குறைக்கும் மருந்தையும் உடனே தொடங்கினார்கள். பிள்ளையைக் காத்திருந்து எடுக்க நேரமில்லை என்று முடிவெடுத்து, அன்று பின்னேரமே சத்திரசிகிச்சை செய்தார்கள். பெண் பிள்ளை. மாதம் நிறையாத சின்னப் பிள்ளை, ஆனால் அழுதது. நான் கேட்டேன், ஜெஸீமாவின் குரலில் பாதியாவது இருந்தது. பிள்ளையைச் சில வாரம் சூட்டுப் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள். ருஸைனாவின் பிரஷர் இறங்க நாளெடுத்தது. பிள்ளை பிறந்துவிட்டது, இனி ஆபத்து முடிந்தது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள் தங்கச்சிமாரே. பிறகும் வரும். வீட்டுக்கு அனுப்பிய பிறகும் தலையிடி, கண் மங்கல், விலாவுக்குக் கீழே நோவு என்றால் அதே ஓட்டம்தான்.

அடுத்த நாள் ஜெஸீமாவைப் பார்க்கப் போனேன். தங்கை போன கையோடு ஒரு தலகாணியின் மேல் காலை வைத்து, இடது பக்கம் சரிந்து படுத்திருக்கிறாள். கால் வற்றிவிட்டது. அதுவே அவளுக்கு ஒரு வருத்தம். இவ்வளவு வீங்கியும் எனக்கு ஒன்றுமே இல்லையே மிஸ் என்று கவலைப்பட்டாள். உரிய காலத்தில், எந்தப் பிரச்சினையும் இல்லாமல், ஆண் பிள்ளை பெற்றாள். அன்றைக்கும் குழுவில் படம் வந்தது. பிள்ளைக்குப் பக்கத்தில் மாம்பழம் இருக்கவில்லை, அந்தக் காலம் முடிந்திருந்தது.

வீங்கிய காலைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாருங்கள், அழுத்திப் பாருங்கள், இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கால் வீக்கம் வாசலிலேயே நின்று கூப்பிடும், பார்க்காமல் போக முடியாது. பார்த்து முடித்த பிறகு ஒரு நிமிடம் நின்று, அந்த வீட்டில் யார் உங்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தது என்று திரும்பிப் பாருங்கள். முகத்தைப் பாருங்கள், கையைப் பாருங்கள். எதுவும் வீங்காமலும் பிரஷர் ஏறும். போன கிளினிக்கில் சரியாக இருந்தது என்பது போன கிளினிக்கின் செய்தி மட்டும்தான்.

ருஸைனாவும் பிள்ளையும் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் கழித்துப் பார்க்கப் போனேன். ஜெஸீமா தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, தனக்கு எல்லாம் சுகம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். ருஸைனா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எப்படி என்று கேட்டேன்.

தையல் போட்ட இடம் கடிக்கிறது என்றாள். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் சரக்குக் கறியில் உம்மா மிளகை அள்ளிப் போடுகிறார், வயிறு எரிகிறது. பிள்ளைக்கு விக்கல். மாப்பிள்ளை பிள்ளை நித்திரையான நேரமாகப் பார்த்துப் போன் எடுக்கிறார், அவர் சொன்ன பேரும் தனக்குப் பிடிக்கவில்லை. கொட்டிலில் எஞ்சின் சத்தம் தாங்க முடியவில்லை. இந்தத் தலகாணி கல்லு. இடுப்பு நோகிறது. மிஸ் இருக்கிற கதிரையும் பிள்ளையின் தொட்டில் சீலையை மிதித்துக்கொண்டு நிற்கிறது.

நான் கதிரையை நகர்த்தினேன். சுபைதா உம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. போதும் மகள், மிஸ்ஸுக்கு இன்னும் எத்தனை வீடு போக இருக்கோ என்றார். எனக்கு அவசரமில்லை உம்மா, ஒரு பிளேன்டீ தாருங்கள் என்று சொல்லிவிட்டு, கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"சொல்லுங்க தங்கச்சி. அதுக்குப் பிறகு?"